திரையில் ஒட்டிய முடி: மந்திரமும் முயல்களும் வரும் ஒரு பழைய கார்ட்டூனைப் பிரித்துப் பார்ப்போம்

அக்கா மகனுக்கு எட்டு வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்டுவிட்டு வீட்டில் எல்லோரும் ஆளுக்கொரு மூலையில் சாய்ந்திருந்த நேரத்தில், அவன் நச்சரிப்பு தாங்காமல் என் போனில் ஒரு பழைய கார்ட்டூன் போட்டுக் கொடுத்தேன். கோட்டு சூட்டு போட்ட ஒரு நாய் மேடையில் நின்று தொண்டை கிழியப் பாடுகிற படம். பாதி ஓடும்போது திரையின் ஓரத்தில் ஒரு முடி வந்து ஒட்டிக்கொண்டு படபடவென்று துடித்தது. பையன் ஒன்றும் பேசாமல் கட்டைவிரலால் போனைத் தேய்த்தான். போகவில்லை. சட்டை நுனியை இழுத்து அழுத்தித் துடைத்தான், வீடியோ நின்றுவிட்டது. "மாமா, உன் போன் ஒரே அழுக்கு" என்று என்னிடம் நீட்டினான். நான் வாங்கி மறுபடி ஓடவிட்டேன். கொஞ்ச நேரத்தில் அந்த நாய், பாட்டை நிறுத்தாமலேயே, கையை நீட்டி அந்த முடியைப் பிடுங்கி எறிந்துவிட்டு மேலே பாடிக்கொண்டே போனது.

பையன் என்னைப் பார்த்தான், போனைப் பார்த்தான். பிறகு "அது படத்துக்குள்ள இருந்துச்சா?" என்று கேட்டான்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. அவனுக்கு அன்றைக்கு நான் சொன்ன பதில் சரியாக இல்லை. ஃபிலிம், புரொஜக்டர், கேட் என்று என்னவோ உளறினேன், அவன் பாதியிலேயே எழுந்து போய்விட்டான். இப்போது நிதானமாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

படத்தின் பெயர் 'மேஜிக்கல் மேஸ்ட்ரோ'. எம்ஜிஎம் ஸ்டூடியோவுக்காக டெக்ஸ் ஏவ்ரி இயக்கியது, 1952 பிப்ரவரியில் வெளியானது. ஏழு நிமிடம்கூட ஓடாது. ஏவ்ரி 1908-ல் டெக்சாஸ் மாநிலத்தில் பிறந்தவர், டெக்ஸ் என்ற பெயரும் அங்கிருந்து வந்ததுதான். எம்ஜிஎம்முக்கு வருவதற்கு முன் வார்னர் பிரதர்ஸ் ஸ்டூடியோவில் இருந்தார், 1940-ல் அவர் இயக்கிய ஒரு படத்தில்தான் பக்ஸ் பன்னி என்ற குறும்புக்கார முயல் இன்றைக்கு நமக்குத் தெரிந்த குணத்தோடு முதன்முதலில் வந்தது. நம் ஊரில் டாம் அண்ட் ஜெர்ரி தெரியாத ஆள் கிடையாது, ஆனால் அதே ஸ்டூடியோவில் இன்னொரு குழுவை வைத்துக்கொண்டு ஏவ்ரி செய்த படங்களைப் பார்த்தவர்கள் குறைவு. இது கொஞ்சம் அநியாயம் என்பது என் கட்சி. இரண்டுக்கும் இசை ஒரே ஆள்தான், ஸ்காட் பிராட்லி. பூனையின் மண்டையில் சட்டி விழும்போது வரும் அந்த ஆர்கெஸ்ட்ரா ஞாபகம் இருந்தால், அவரை உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

கதை சின்னது. பூச்சினி என்று ஒரு புல்டாக், பெரிய ஓபரா (வசனமெல்லாம் பாட்டாகவே வரும் மேலைநாட்டு இசை நாடகம்) பாடகர். இத்தாலியில் புச்சினி என்று நிஜமாகவே ஒரு பெரிய இசையமைப்பாளர் இருந்தார், ஆங்கிலப் பேச்சு வழக்கில் நாயை 'பூச்' என்பார்கள், இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்ட பெயர். (தமிழில் படித்தால் பூச்சி மாதிரி ஒலிப்பது நமக்கு மட்டும் கிடைத்த இலவச இணைப்பு.) அவரிடம் மிஸ்டோ என்கிற மந்திரவாதி வந்து, உங்கள் நிகழ்ச்சியில் எனக்கும் ஓர் இடம் கொடுங்கள் என்று வித்தைகளைக் காட்டிக் கெஞ்சுகிறான். பூச்சினி அவனை வெளியே தள்ளிவிடுகிறார். மிஸ்டோ விடுவானா? ஆர்கெஸ்ட்ராவை நடத்துகிறவரின் இடத்தைப் பிடித்துக்கொண்டு, அவருடைய குச்சிக்குப் பதில் தன் மந்திரக்கோலோடு மேடைக்கு முன்னால் போய் நிற்கிறான். பூச்சினி பாடத் தொடங்குகிறார். மிஸ்டோ கோலை ஆட்டுகிறான். அவ்வளவுதான் கதை. மிச்சமெல்லாம் அந்தக் கோல் படுத்தும் பாடு.

சரி, விஷயத்துக்கு வருவோம். கார்ட்டூனில் மந்திரம் காட்டுவது எளிது என்றுதான் எல்லோரும் நினைப்போம், வரைந்தால் போதுமே. ஆனால் அந்த "வரைந்தால் போதுமே"தான் இடிக்கிற இடம்.

மேடையில் ஒருவர் காலித் தொப்பியைக் காட்டிவிட்டு அதற்குள்ளிருந்து முயலை எடுக்கிறார் என்றால் நாம் ஏன் வாயைப் பிளக்கிறோம்? காலித் தொப்பியிலிருந்து முயல் வராது என்று நமக்குத் தெரியும், ஆனாலும் வருகிறது. நடக்காது என்று நிச்சயமாகத் தெரிந்த ஒன்று இருந்தால்தான் அது நடக்கும்போது வித்தை. கார்ட்டூனில் அந்த 'நடக்காது' என்பதே கிடையாது. நாய் சூட்டு போட்டுக்கொண்டு ஓபரா பாடுகிறது, யாரும் புருவத்தைத் தூக்கவில்லை. அப்படிப்பட்ட ஊரில் தொப்பியிலிருந்து முயல் வந்தால் என்ன, ரயில் வந்தால் என்ன? பணம் அச்சடிக்கிற மிஷினை வீட்டில் வைத்திருக்கிறவன் லாட்டரியில் ஜெயித்த மாதிரிதான், யார் கைதட்டப் போகிறார்கள்?

ஆக, மந்திரத்தை வைத்து கார்ட்டூன் எடுக்கிறவர் முதலில் செய்யவேண்டிய வேலை, எல்லாம் நடக்கக்கூடிய ஓர் உலகத்தில் எதையாவது ஒன்றை 'நடக்காது' ஆக்குவது. இந்த ஒரு விஷயம் பிடிபட்டுவிட்டால் இந்த வகைப் படங்கள் எல்லாமே புரிந்துவிடும்.

ஏவ்ரி என்ன செய்தார் என்று பார்ப்பதற்கு முன் ஒரு சுற்று சுற்றிவிட்டு வருகிறேன், ஏனென்றால் அனிமேஷன் என்பதே ஏறத்தாழ மந்திரவாதிகளின் கொட்டகையில் பிறந்த பிள்ளைதான். பாரிஸில் ஜார்ஜ் மெலியே என்பவர் சினிமா எடுக்க வருவதற்கு முன்பே சொந்தமாக ஒரு மேஜிக் தியேட்டர் வைத்து நடத்தியவர். கேமராவை நிறுத்திவிட்டு, முன்னால் இருப்பதை மாற்றிவைத்துவிட்டு மறுபடி ஓட்டினால் ஒன்று இன்னொன்றாக மாறிவிடும் என்ற தந்திரத்தை வைத்து, 1896-லேயே நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெண்மணியை மறைய வைத்தார். நாம் சின்ன வயதில் சாமிப் படங்களில் நாரதர் டக்கென்று தோன்றி மறைவதைப் பார்த்தோமே, அது இதே சரக்குதான்.

அடுத்தவர் வின்சர் மெக்கே. இவர் அமெரிக்கப் பத்திரிகைகளில் கார்ட்டூன் கதை வரைந்தவர். 1914-ல் இவர் 'கெர்ட்டி' என்ற ஒரு டைனோசரை ஆயிரக்கணக்கான தாள்களில் வரைந்து படமாக்கினார், ஆனால் அதைச் சும்மா திரையில் ஓட்டவில்லை. வாட்வில் என்று சொல்லப்பட்ட பல்சுவை மேடையில், திரைக்குப் பக்கத்தில் கையில் சாட்டையோடு அவரே நின்றுகொள்வார். வா என்றால் கெர்ட்டி வரும், காலைத் தூக்கு என்றால் தூக்கும், அதட்டினால் அழும். சர்க்கஸ்காரன் யானையை வேலை வாங்குகிற மாதிரி. இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஆப்பிள். மெக்கே கையில் ஓர் ஆப்பிளை எடுத்துக் காட்டுவார், திரையை நோக்கி வீசுவார், அதே கணத்தில் திரைக்குள் கெர்ட்டி அதை வாயால் கவ்வும். நிஜத்தில் அந்த ஆப்பிள் அவர் கையைவிட்டுப் போகவே இல்லை, உள்ளங்கையில் ஒளித்துக்கொள்வார். எந்தத் தெரு வித்தைக்காரனும் செய்கிற கைமறைப்பு. பார்க்கிறவர்களுக்கோ நிஜ ஆப்பிள் ஒன்று வரைந்த மிருகத்தின் வாய்க்குள் போயிருக்கிறது.

கவனியுங்கள், டைனோசர் ஆப்பிள் தின்பதில் வியப்பு ஒன்றும் இல்லை, அது வரைந்தது. இந்தப் பக்கத்து ஆப்பிள் அந்தப் பக்கம் போனதுதான் வித்தை. திரைக்கும் கொட்டகைக்கும் நடுவில் ஒரு சுவர் இருக்கிறது, அதைத் தாண்ட முடியாது என்று எல்லோருக்கும் தெரியும். எல்லாம் நடக்கும் உலகத்தில் மெக்கே கண்டுபிடித்த 'நடக்காது' அந்தச் சுவர்தான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், முடியிடம் திரும்பிப் போகும்போது தேவைப்படும்.

இப்போது பூச்சினி. அவர் பாடுவது ரொசினி என்ற இத்தாலிய இசையமைப்பாளர் 1816-ல் மேடையேற்றிய 'செவில் நகரத்து நாவிதன்' ஓபராவில் வரும் பாட்டு. பெயர் தெரியாவிட்டாலும் "ஃபீகரோ, ஃபீகரோ, ஃபீகரோ" என்று அடுக்கிக்கொண்டே போவதைக் கேட்டால் எல்லோரும் கண்டுபிடித்துவிடுவார்கள். அந்தக் காலத்துக் கார்ட்டூன்காரர்களுக்கு இந்த ஓபரா மேல் தீராத ஆசை, பக்ஸ் பன்னியும் அதை வைத்து விளையாடியிருக்கிறான், மரங்கொத்தி வூடியும் விளையாடியிருக்கிறான். ஆனால் பாட்டின் பொருளைத் தெரிந்துகொண்டு பார்த்தால் இந்தப் படத்தில் கூடுதலாக ஒரு ருசி. ஊரில் எல்லோரும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள், ஃபீகரோ இங்கே வா, ஃபீகரோ அங்கே போ, ஒரே நேரத்தில் எத்தனை பேருக்குத்தான் ஓடுவது என்று பெருமையும் அலுப்புமாக அந்த நாவிதன் பாடுகிற பாட்டு அது. பல பக்கம் இழுபடுகிறவனின் பாட்டைப் பாடிக்கொண்டே ஒருவர் பல பக்கம் இழுபடுகிறார்.

அவர் பாடும்போது மிஸ்டோ கோலை ஒரு ஆட்டு ஆட்டுகிறான், பூச்சினி பாலே ஆடுகிற பெண்ணின் உடையில் நிற்கிறார். இன்னொரு ஆட்டு, டென்னிஸ் ஆடுகிறார். இன்னொன்று, கைதி உடையில் பாறை உடைக்கிறார். இன்னொன்று, அமெரிக்கக் கால்பந்து வீரர். நடுநடுவே முயல்கள் முளைக்கின்றன. இத்தனைக்கும் நடுவில் அவர் பாட்டை விடவில்லை. அங்கேதான் இருக்கிறது சூட்சுமம். நாய் என்னவாக வேண்டுமானாலும் மாறலாம், அதில் எந்தத் தடையும் இல்லை, அதனால் எந்த வியப்பும் இல்லை. ஆனால் 'கச்சேரி நிற்கக்கூடாது' என்று ஒரு கட்டுப்பாட்டை ஏவ்ரி அந்த மேடையில் போட்டுவிட்டார். சபையில் உட்கார்ந்திருக்கிறார்கள், ஆர்கெஸ்ட்ரா வாசிக்கிறது, பாடகருக்கு மானம் என்று ஒன்று இருக்கிறது. நம் ஊர்ப் பாடகர் ஒருவர் சபாவில் ராக ஆலாபனையின் நடுவில் இருக்கும்போது வேட்டிக்குள் எறும்பு புகுந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். எறும்பைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. சுருதி விலகாமல் முகத்தை வைத்துக்கொள்ள அவர் படுகிற பாட்டைப் பார்த்துத்தான் சிரிப்பு வரும்.

நகைச்சுவையில் பாதிக்கு மேல் இந்த ஏற்பாடுதான் என்பது என் எண்ணம். ஒரு பக்கம் கட்டுக்கடங்காத ஒன்று, இன்னொரு பக்கம் விட்டுக்கொடுக்காத ஒருவர். மந்திரம் கட்டுக்கடங்காதது, பாடகர் விட்டுக்கொடுக்காதவர். இரண்டில் ஒன்று குறைந்தாலும் படம் படுத்துவிடும். பூச்சினி முதல் மாற்றத்திலேயே "ஐயோ" என்று கத்திக்கொண்டு ஓடியிருந்தால் இது ஒரு நிமிடப் படம்.

அடுத்தது நேரம். சினிமாவில் ஒரு நொடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 தனித்தனி நிழற்படங்கள். இந்தப் படம் ஏறக்குறைய ஆறரை நிமிடம் என்று வைத்துக்கொண்டால் கணக்குப் போட்டுப் பாருங்கள், 9,360 ஃபிரேம் வருகிறது. எல்லாவற்றுக்கும் தனித்தனியாக வரைய மாட்டார்கள், பெரும்பாலும் ஒரு படத்தை இரண்டு ஃபிரேமுக்கு வைத்துக்கொள்வார்கள், வேகமாக அசையும் இடத்தில் மட்டும் ஒன்றுக்கு ஒன்று. அப்படிக் குறைத்தாலும் ஆயிரக்கணக்கில் போகும்.

நேரடியாக நடிக்கிற படத்தில் நடிகர் ஒரு கணம் தாமதித்தால் அதை எடிட்டிங் மேஜையில் சரிசெய்யலாம். கார்ட்டூனில் தாமதம் என்பதையே முன்கூட்டி வரையவேண்டும். கோல் அசைந்து எத்தனை ஃபிரேம் கழித்து உடை மாறவேண்டும், மாறியதைப் பார்வையாளர் புரிந்துகொள்ள எத்தனை ஃபிரேம் விடவேண்டும், பூச்சினி தன்னைக் குனிந்து பார்த்து அதிர எத்தனை, எல்லாவற்றையும் வரைவதற்கு முன்பே இயக்குநர் எண்ணி எழுதிக் கொடுத்துவிடுவார். ஓவியர்கள் கையில் பென்சில் எடுக்கும்போதே தாளம் முடிவாகியிருக்கும். தாளம் என்று சும்மா சொல்லவில்லை, நிஜமாகவே தாளம்தான். 12 ஃபிரேமுக்கு ஒரு தட்டு என்று வைத்தால் நொடிக்கு இரண்டு தட்டு, நிமிடத்துக்கு 120. இப்படி ஃபிரேம்களைத் தாளக் கணக்காக மாற்றிக்கொண்டால் இசையமைப்பாளரும் ஓவியரும் ஒரே தாளில் வேலை செய்யலாம். மிருதங்கக்காரரும் நாட்டியக்காரரும் ஜதி ஒத்திகை பார்ப்பது மாதிரி. அதனால்தான் பாட்டின் சரியான இடத்தில் சுத்தியல் பாறையில் விழுகிறது, சரியான இடத்தில் டென்னிஸ் மட்டை வீசுகிறது.

மாற்றம் நடக்கும் விதத்தையும் கவனிக்கவேண்டும். நாய் உருகி, நெளிந்து, மெல்ல வேறொன்றாக மாறினால் அது வேறு மாதிரியான படம், பேய்ப்படம் மாதிரி ஆகிவிடும். இங்கே முந்தைய ஃபிரேமில் சூட்டு, அடுத்ததில் வேறு உடை, நடுவில் ஒன்றும் கிடையாது. மெலியே கேமராவை நிறுத்திச் செய்ததை இவர்கள் பேனாவால் செய்கிறார்கள். கண் சிமிட்டுகிற நேரத்துக்கும் குறைவு. மாறுவதை ரசிக்க நமக்கு அவகாசமே தரவில்லை, மாறியபின் பாடகரின் முகத்தை ரசிக்கத்தான் தருகிறார்கள்.

முயல்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. எண்ணிப் பார்த்தால் முயல் வருவது ஒன்றும் பெரிய தமாஷே இல்லை. மந்திரவாதி என்றால் முயல், பிள்ளையார் என்றால் எலி, அவ்வளவு பழக்கமான ஜோடி. முதல் தடவை எட்டிப் பார்க்கும்போது சும்மா ஒரு புன்னகை. ஆனால் போகப்போக அவை பூச்சினியோடு சேர்ந்து ஆடுவதும் பாடுவதுமாக நிகழ்ச்சியில் பங்கெடுத்துக்கொள்கின்றன, கூப்பிடாமல் வந்த சொந்தக்காரர்கள் பந்தியில் பரிமாறவும் ஆரம்பித்துவிடுகிற மாதிரி. எனக்கு இந்தப் படத்தில் மந்திரவாதியைவிட அந்த முயல்களைத்தான் பிடிக்கும், கெட்ட எண்ணம் துளிகூட இல்லாமல் கச்சேரியைக் கெடுக்கின்றன.

இதே சிக்கலை மற்றவர்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்று பார்த்தால் இன்னும் தெளிவாகும். 1937-ல் டிஸ்னி எடுத்த 'மேஜிஷியன் மிக்கி'யில் மிக்கி மேடையில் வித்தை காட்டுகிறான், பார்வையாளர் பக்கத்திலிருந்து டொனால்ட் வாத்து "இதெல்லாம் ஏமாற்று வேலை" என்கிற தோரணையில் கலாட்டா செய்துகொண்டே இருக்கிறது. அதாவது, கார்ட்டூன் உலகத்துக்குள் ஒரே ஓர் ஆள் மட்டும் மந்திரத்தை நம்ப மறுக்கிறான். நாம் வியக்காவிட்டால் என்ன, அந்த வாத்தின் எரிச்சல் போதும். டொனால்ட் வாயிலிருந்து சீட்டுக்கட்டு சீட்டுச் சீட்டாக வந்து விழும்போது வித்தையைவிட அவமானம்தான் சிரிக்க வைக்கிறது. 1942-ல் சக் ஜோன்ஸ் எடுத்த இன்னொன்றில் மந்திரவாதி தன் விளம்பரத்தை பக்ஸ் பன்னி குடியிருக்கும் மரத்தின் மேலேயே ஒட்டிவிட்டு, கேட்கப்போன பன்னியின் முகத்தில் 'பை' என்கிற பழப் பண்டத்தையும் அப்பிவிடுகிறான். அப்புறம் என்ன, அன்று இரவு மேடையில் தொப்பிக்குள் கைவிடும்போது வெளியே வருவது பழிவாங்க வந்த முயல். வித்தைக்காரனுக்குச் சாமானாக இருக்கவேண்டிய மிருகம் வித்தையைத் தன் கையில் எடுத்துக்கொள்கிறது.

ரொம்பப் பின்னால் 2008-ல் பிக்ஸார் 'வால்-ஈ' படத்தோடு சேர்த்து வெளியிட்ட 'பிரெஸ்டோ' இருக்கிறதே, அது இந்தப் பாடத்தை முதல் பெஞ்சில் உட்கார்ந்து படித்த படம். இரண்டு தொப்பிகள், ஒன்றுக்குள் கையை விட்டால் மற்றொன்றில் வெளியே வரும். இந்த ஒரு விதிதான் படம் முழுக்க. முயலுக்குக் கேரட் வேண்டும், மந்திரவாதி கொடுக்க மாட்டான். விதியை முதல் சில நொடிகளிலேயே நமக்குக் காட்டிவிடுவதால், அதற்கப்புறம் மந்திரம் என்பதே போய் கணக்கு ஆகிவிடுகிறது. இங்கே விட்ட விரல் அங்கே எதில் மாட்டப்போகிறது என்று நாமே முன்கூட்டிப் பதறுகிறோம். ஏவ்ரியைவிட நேர்த்தியானது என்றுகூடச் சொல்லலாம். ஆனால் ஏவ்ரியிடம் இருக்கிற கிறுக்குத்தனம் அதில் இல்லை, அந்தக் கிறுக்குத்தனம்தான் எனக்கு வேண்டியிருக்கிறது.

இனி முடி.

இன்றைக்குப் படம் கம்ப்யூட்டர் கோப்பாக வந்துவிடுகிறது. முன்பு ஃபிலிம் சுருள். புரொஜக்டருக்குள் விளக்குக்கு முன்னால் சின்னதாகச் செவ்வக ஓட்டை போட்ட ஒரு தகடு இருக்கும், அதன் வழியாக ஃபிலிம் ஒவ்வொரு ஃபிரேமாக நின்று நின்று இறங்கும். அந்த இடத்துக்குத்தான் கேட் என்று பெயர். ஃபிலிமோடு ஒட்டிக்கொண்டு தூசியோ நாரோ முடியோ வந்து அந்த ஓட்டையின் ஓரத்தில் சிக்கிவிட்டால், ஃபிலிம் போய்க்கொண்டே இருக்கும், முடி மட்டும் அங்கேயே மாட்டிக்கொண்டு ஆடும். அதன் நிழல் பெரிய திரையில் கயிறு கனத்துக்கு விழும். டூரிங் டாக்கீஸிலும் பழைய தியேட்டர்களிலும் படம் பார்த்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். கதாநாயகி கண்ணீர் விடும்போது கன்னத்துப் பக்கத்தில் ஒரு கம்பளிப்பூச்சி துள்ளும். பின் வரிசையிலிருந்து யாராவது ஆப்பரேட்டரைக் கூப்பிட்டு அவர் குடும்பத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்வார்கள். அவர் ஊதியோ தட்டியோ எடுத்துவிடுவார், அல்லது ரீல் மாறும்வரை அது ஆடிக்கொண்டிருக்கும்.

1952-ல் அமெரிக்கத் தியேட்டரில் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் இதே பழக்கம் இருந்திருக்கும். மெயின் படத்துக்கு முன்னால் ஓடுகிற கார்ட்டூன், அதில் ஒரு முடி. ஆப்பரேட்டர் கவனக்குறைவு என்று முனகியிருப்பார்கள். ஏவ்ரி அதை உடனே முடித்துவிடாமல் சில நொடிகள் ஆடவிடுகிறார், அது எரிச்சலாக மாறுகிற அளவுக்கு. இதற்கெல்லாம் துணிச்சல் வேண்டும், ஏழு நிமிடப் படத்தில் சில நொடி என்பது பெரிய சொத்து. மோடி மஸ்தான் பாம்புக்கும் கீரிக்கும் சண்டை விடப்போகிறேன் என்று சொல்லிச் சொல்லியே கூட்டத்தைப் பிடித்து வைத்திருப்பானே, அந்த நிதானம். பிறகு பூச்சினி கை நீட்டிப் பிடுங்கி எறிகிறார்.

இப்போது கெர்ட்டியின் ஆப்பிளை நினைத்துப் பாருங்கள். முடி எங்கே இருப்பதாக நாம் நம்பினோம்? புரொஜக்டரில், நமக்குப் பின்னால் இருக்கிற அறையில், நிஜ உலகத்தில். அதை எடுத்தது யார்? வரைந்த நாய். மெக்கே இந்தப் பக்கத்து ஆப்பிளை அந்தப் பக்கம் அனுப்பினார், ஏவ்ரி அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கையை இந்தப் பக்கம் நீட்டவைத்தார். மிஸ்டோ அத்தனை தடவை கோலை ஆட்டியும் நமக்கு வராத வியப்பு, கோலே இல்லாமல் பாடகர் ஒரு முடியைப் பிடுங்கும்போது வந்துவிடுகிறது. படத்திலேயே உண்மையான மந்திரம் இது ஒன்றுதான், அதைச் செய்தவர் மந்திரவாதியும் அல்ல. வார்னரில் இருந்தபோது 1941-ல் வந்த ஒரு படத்தில் ஏவ்ரி இந்த முடியை ஏற்கெனவே ஒருமுறை முயன்று பார்த்திருந்தார், அங்கே பாடகன் பாட்டை நிறுத்திவிட்டு முடியை எடுக்கச் சொல்லிக் கத்துவான். இங்கே பாட்டு நிற்கவில்லை. சின்ன வித்தியாசம்தான், ஆனால் கத்துகிறவனைவிடப் பாடிக்கொண்டே பிடுங்குகிறவர் எவ்வளவு மேல்!

குழந்தைகளோடு பார்க்கப்போகிறவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். இந்தப் படத்தில் இன்றைக்குப் பார்த்தால் முகம் சுளிக்கவைக்கிற இடங்களும் உண்டு. பூச்சினி மாறுகிற வேடங்களில் அமெரிக்கப் பூர்வகுடி, சீனர் ஆகியோரைக் கேலிச்சித்திரமாக்கியவை இருக்கின்றன, முகத்தில் மை பீய்ச்சப்பட்டுக் கறுப்பினப் பாடகராக 'மாறுகிற' இடமும் இருக்கிறது. டிவியில் போடும்போது இவற்றை வெட்டியே பெரும்பாலும் போட்டார்கள். அந்தக் காலம் அப்படி என்று சொல்லி நகர்ந்துவிடலாம்தான், ஆனால் எனக்கு அந்த இடங்கள் கைவேலையாகப் பார்த்தாலும் சோம்பேறித்தனமானவை. டென்னிஸ் ஆடுவதிலோ பாறை உடைப்பதிலோ பாட்டின் தாளத்துக்கும் செய்கைக்கும் ஒரு பொருத்தம் தேடிக் கண்டுபிடித்திருக்கிறார்கள், இங்கே வேடத்தைக் காட்டினாலே சிரித்துவிடுவார்கள் என்று விட்டுவிட்டார்கள். படத்தை 1993-ல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்துப் பாதுகாக்கிறார்கள். இதையும் சேர்த்துத்தான் பாதுகாக்கிறார்கள்.

முடிவு எப்படி என்றால், பூச்சினிக்கு உண்மை தெரிந்துவிடுகிறது, மந்திரக்கோல் கை மாறுகிறது. இதுவரை அவர் பட்டதையெல்லாம் மிஸ்டோ ஒரே மூச்சில் படுகிறான். முன்பு நிதானமாக வந்த வேடங்கள் எல்லாம் இங்கே பாய்ச்சலில் வருகின்றன, ஏனென்றால் நமக்கு அவை ஏற்கெனவே தெரியும், அறிமுகம் தேவையில்லை. பல்லவியைக் கடைசியில் துரித காலத்தில் பாடி முடிப்பது மாதிரி.

நீங்கள் பார்ப்பதாக இருந்தால், ஒருமுறை சும்மா பாருங்கள். இரண்டாவது முறை ஒலியை அணைத்துவிட்டு மிஸ்டோவின் கையை மட்டும் பாருங்கள், கோல் அசைவதற்கும் உடை மாறுவதற்கும் நடுவில் எவ்வளவு இடம் விட்டிருக்கிறார்கள் என்று பிடிபடும். மூன்றாவது முறை கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள், எங்கே என்ன நடக்கிறது என்பதைப் பாதிக்கு மேல் இசையே சொல்லிவிடும்.

அக்கா மகனுக்குப் பிறகொரு நாள் மறுபடியும் போட்டுக் காட்டினேன். முடி வரும் இடம் நெருங்கியதும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான், ஏமாறக்கூடாதாம். அது ஆடிக்கொண்டிருந்த நேரம் முழுக்க உற்றுப் பார்த்தான். பூச்சினி பிடுங்கி எறிந்தபிறகு வீடியோவை அவனே நிறுத்தி, பின்னால் இழுத்து, முடி துடிப்பதை இன்னொரு தடவை பார்த்தான்.

"மாமா, அப்போ அந்த முடியையும் ஒருத்தர் உக்காந்து வரைஞ்சாரா?"

"ஆமாம்டா. அது துடிக்கணும்னா திரும்பத் திரும்ப வரையணும், கொஞ்சம் கொஞ்சம் மாத்தி."

"முடியையா?"

"முடியைத்தான்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு எழுந்து போய்க் கணக்கு நோட்டை எடுத்துவந்து, பக்கங்களின் ஓரத்தில் கோணலாக ஒரு கோடு, அடுத்த பக்கத்தில் இன்னும் கொஞ்சம் கோணலாக ஒரு கோடு என்று போட ஆரம்பித்தான். அக்கா வந்து பார்க்கும்போது பதினோராவது பக்கத்தில் இருந்தான்.